கல்லும் தேனும்: பக்ஃபாஸ்ட் மடத்தில் இரண்டு நாட்கள்

மார்த்தாண்டத்தை அடுத்த எங்கள் ஊரில் ஒரு காலத்தில் தேன்பெட்டி இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாசி மாதத்தில் இளந்தளிரின் காம்பில் தேன் ஊறும். அதை எடுக்க அடுக்குத்தேனீக்கள் விடிந்ததிலிருந்து அந்திவரை பறக்கும். அப்பாவிடம் பதினெட்டுப் பெட்டிகள் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் ஒரு வருடம், அடைகளில் இருந்த புழுக்கள் தண்ணீர்ப் பைபோல உப்பிச் செத்தன. தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் அது. தென்னிந்தியா எங்கும் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. எங்கள் பதினெட்டும் மூன்றே மாதத்தில் காலியாயின. "எல்லாம் போச்சு மக்களே" என்று ஒருமுறை சொன்னார் அப்பா. பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. பெட்டிகளைக் கழுவிக் காயவைத்துத் தொழுவத்துப் பரணில் ஏற்றினார்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த பங்குச்சாமியார் அப்பாவிடம் ஒரு கதை சொன்னார். இங்கிலாந்தில் ஒரு மடம். அங்கே இருந்த 46 கூட்டங்களில் 30 நோயில் அழிந்துபோயின. எஞ்சிய 16 கூட்டங்களை வைத்துக்கொண்டு ஓர் இளந்துறவி முதலிலிருந்து தொடங்கினார். எழுபது வருடத்துக்கும் மேல் அந்த ஒரே வேலையைச் செய்தார். மடத்தின் பெயர் பக்ஃபாஸ்ட். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்து வயதுப் பையனாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பெயர் மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து, ஓர் ஆகஸ்ட் மாதத்தில், அந்த மடத்தின் வாசலில் போய் நின்றேன்.

டார்ட் நதிக்கரை

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து தென்மேற்கே போகும் ரயில், எக்ஸெட்டரைத் தாண்டியதும் கடலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. டாலிஷ் என்ற ஊரில் ஒரு பக்கம் செம்மண் நிறப் பாறைச் சுவர், மறுபக்கம் அலை. நடுவே தண்டவாளம் மட்டும்தான். சற்று நேரத்தில் நியூட்டன் ஆபட் வந்துவிடும். அங்கே இறங்கி, வேலி மரங்கள் இருபுறமும் நெருக்கும் டெவன் மாவட்டத்துக் குறுகலான சாலைகளில் போனால் பக்ஃபாஸ்ட்.

டார்ட்மூர் என்னும் கருங்கல் மேட்டுநிலத்தில் பிறந்து வருகிறது டார்ட் நதி. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் புல்வெளி உச்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் அதிகம் இல்லாத, காற்று ஓயாத, மேலே கரும்பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் நிலம். அந்த மேட்டின் கரிச்சேற்றில் ஊறி வருவதால் நதியின் நீர் கட்டன்சாயா நிறத்தில் இருக்கிறது. அது மலையை விட்டு இறங்கும் இடத்தில், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில், வெளிர்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லில் எழுந்து நிற்கிறது மடத்தின் ஆலயம். ஜன்னல்களையும் மூலைகளையும் சுற்றி மஞ்சள் தேன் நிறத்தில் ஹாம் ஹில் கல். பார்த்த கணத்தில் எண்ணூறு வருடப் பழமை என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் அதன் கோபுரம் முடிந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

நுழைவுக்கட்டணம் கிடையாது. வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவே வந்ததாக ஏற்கவேண்டும் என்று ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்குநூலின் 53-ஆம் அதிகாரம் சொல்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பெனடிக்டை அழைக்கும் பெயர் ஆசீர்வாதப்பர். கி.பி. 480 வாக்கில் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தவர். ரோமாபுரிப் படிப்பை விட்டு சுபியாகோ மலைக் குகையில் மூன்று வருடம் தனித்திருந்தார். பிறகு 529 வாக்கில் மோந்தே கசினோ குன்றின்மேல் மடம் அமைத்தார். அங்கே அவர் எழுதியதுதான் 73 சிறு அதிகாரங்கள் கொண்ட அந்த ஒழுங்குநூல்.

அதில் பெரிய தத்துவம் தேடிப் போகிறவர் ஏமாறுவார். எந்த நேரத்தில் எழுவது, எத்தனை திருப்பாடல் பாடுவது, ஆளுக்கு எவ்வளவு ரொட்டி, சமையலறை முறைவேலையை யார் யார் செய்வது, சாப்பிடும்போது யார் வாசிப்பது, வாசலில் எப்படிப்பட்ட கிழவரை உட்காரவைப்பது என்று ஒரு பெரிய வீட்டை நடத்துகிறவரின் கவலைகளே நூல் முழுக்க. 31-ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. பண்டகசாலைக்காரர் மடத்தின் மண்வெட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் பீடத்தில் வைக்கும் திருப்பாத்திரங்களைப்போலவே கருதவேண்டுமாம். ஆயுத பூஜை அன்று அரிவாளுக்கும் கலப்பைக்கும் சந்தனம் இடும் நமக்கு அந்தக் கட்டளை புரியாமல் போகாது. வருடத்தில் ஒரு நாள் நாம் செய்வதை வருடம் முழுவதும் செய்யச் சொல்கிறார் அவர்.

343 ஆண்டு வெற்றிடம்

பக்ஃபாஸ்டின் வரலாறு 1018-இல் தொடங்குகிறது. டென்மார்க்கிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னர் காலம் அது. ஆசீர்வாதப்பர் ஒழுங்கைப் பின்பற்றும் சிறிய மடமாக அது பிறந்தது. 1136-இல் பிரான்சின் சவிஞி மடத்தோடு இணைக்கப்பட்டது. 1147-இல் சவிஞி மடங்கள் எல்லாம் சிஸ்டர்சியன் சபையோடு சேர்ந்தபோது பக்ஃபாஸ்டும் சேர்ந்தது. சிஸ்டர்சியர்களும் அதே ஒழுங்கைக் கொண்டவர்கள். கைவேலையில் இன்னும் கண்டிப்பானவர்கள். டார்ட்மூர் மேய்ச்சல் நிலத்தில் ஆட்டு மந்தைகளை வளர்த்துக் கம்பளி விற்றார்கள்.

1530-களில் எட்டாம் ஹென்றி மன்னர் ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்டார். அதன்பின் சில வருடங்களுக்குள் நாடெங்கும் சுமார் 800 துறவற இல்லங்கள் மூடப்பட்டன. 1539 பிப்ரவரி 25 அன்று பக்ஃபாஸ்டின் முறை வந்தது. அரசு ஆணையர் வந்தார், மடத்தலைவர் கையெழுத்திட்டார், துறவிகள் வெளியேறினார்கள். கூரையின் ஈயம் உரிக்கப்பட்டது. கூரை போனால் சுவர் எத்தனை நாள் நிற்கும்? ஊர்க்காரர்கள் வீட்டுக்கும் வேலிக்கும் கல் எடுத்துப் போனார்கள். 1800-க்குப் பிறகு ஆலை முதலாளி ஒருவர் எஞ்சிய இடிபாடுகளையும் பெரும்பாலும் அகற்றிவிட்டு ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். ஆயிரம் வருடப் பழமை பேசும் இடத்தில் 14-ஆம் நூற்றாண்டு மடாதிபதி கோபுரம்போல ஒருசில துண்டுகளே பழைய கட்டடமாக மிஞ்சின.

1882-இல் கதை திரும்புகிறது. இரண்டு வருடம் முன்பு பிரெஞ்சு அரசு பல துறவற சபைகளைக் கலைத்திருந்தது. அப்போது பர்கண்டியின் பியேர்-கி-வீர் மடத்திலிருந்து துரத்தப்பட்ட ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் அயர்லாந்தில் ஒதுங்கியிருந்தார்கள். பக்ஃபாஸ்ட் மாளிகையின் அன்றைய உடைமையாளர், இந்த இடம் மறுபடியும் ஒரு துறவற சபையின் கைக்கே போகவேண்டும் என்று விரும்பினார். 4,700 பவுனுக்குக் கைமாறியது. 1882 அக்டோபர் 28 அன்று ஆறு துறவிகள் வந்து சேர்ந்தார்கள். துரத்தப்பட்டவர்களின் இடத்துக்கே இன்னொரு நாட்டில் துரத்தப்பட்டவர்கள் வந்தார்கள். நடுவே ஓடியிருந்தவை 343 ஆண்டுகள்.

மண்ணைத் தோண்டியபோது பழைய ஆலயத்தின் அடித்தளம் தட்டுப்பட்டது. தூண் எங்கே நின்றது, பீடம் எங்கே இருந்தது என்று பூமியே வரைபடம் வைத்திருந்தது. அந்த வரைபடத்தின்மேல் மறுபடி கட்டவேண்டும் என்ற ஆசை எல்லோர் மனதிலும் விழுந்தது. கையில் பணந்தான் இல்லை.

நான்கு பேர்

1906 ஆகஸ்ட் 4. மறுபடி எழுந்த மடத்தின் முதல் ஆதீனத்தலைவர் போனிஃபஸ் நாட்டர், தென்னமெரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். உடன் அன்ஸ்கர் வொனியர் என்ற முப்பது வயது இளம் துறவி. பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போகும் ஏழைகள் நிறைந்த 'சிரியோ' என்ற அந்தக் கப்பல் ஸ்பெயின் கடலோரத்தில் பாறையில் மோதியது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், தலைவர் நாட்டரும் அவர்களில் ஒருவர். வொனியர் உயிர்பிழைத்தார். செப்டம்பரில் மடத்தார் அவரையே புதிய தலைவராகத் தேர்ந்தார்கள். ஆலயத்தை எழுப்புவதே தன் வேலை என்று அவர் முடிவெடுத்தார்.

1907 ஜனவரியில் ஒரு குதிரை வண்டி முதல் பாரக் கல்லை இறக்கியது. கட்டடக்கலைஞர் ஃபிரெடரிக் வால்டர்ஸ் 12-ஆம் நூற்றாண்டு சிஸ்டர்சியன் பாணியில் வரைந்து தந்திருந்தார். கட்டியவர்கள் துறவிகள். கொத்துவேலை தெரிந்தவர் சகோதரர் பீட்டர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தார். ஒரு நேரத்தில் வேலைசெய்தவர்கள் பெரும்பாலும் நான்கு பேர். ஒருபோதும் ஆறைத் தாண்டவில்லை.

அந்த எண்ணை வாசித்தபோது நம்பாமல் மறுபடி வாசித்தேன். ஆலயத்தின் நடுவே நின்று மேலே பார்த்தால் கழுத்து வலிக்கிறது. இவ்வளவு கல்லையும் நான்கு பேர் செதுக்கி, கையால் இழுக்கும் கப்பியில் ஏற்றி, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கினார்கள். சாரம் மரக்கழி, கட்டியது கயிறு. பாதுகாப்புக் கயிறோ தலைக்கவசமோ கிடையாது. 50 அடி உயரத்திலிருந்து விழுந்த ஒரு துறவி உயிர்பிழைத்தார். 1931-இல் கல் தூக்கியிலிருந்து மூன்று பேர் விழுந்தார்கள், பெரிய காயமில்லை. 32 வருடக் கட்டுமானத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

முதல் உலகப்போரிலும் வேலை நிற்கவில்லை. துறவிகளில் பலர் ஜெர்மானியர். வொனியரே ஜெர்மனியில் பிறந்தவர். எதிரி நாட்டுக்காரர்களைக் கொட்டடியில் அடைத்த காலத்தில், மடத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு இவர்களை விட்டுவைத்தது அரசு. வெளியே போகமுடியாதவர்கள் உள்ளே கல் செதுக்கினார்கள்.

1932 ஆகஸ்ட் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. கோபுரத்தின் கடைசிக் கல் 1937 ஜூலையில் ஏறியது. கல்லிடுக்குகளைப் பூசி முடித்தபோது 1938 டிசம்பர். அதே மாதம் 26-ஆம் தேதி வொனியர் இறந்தார். கோபுரத்தில் தொங்கும் 'ஓசன்னா' என்ற பெருமணி 7 டன்னுக்கு மேல் எடையுள்ளது. முதல் மாலை அது ஒலித்தபோது தரை அதிர்வது என் பாதத்தில் தெரிந்தது.

மணியடிக்கும் வாழ்க்கை

விடியுமுன் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன். விளக்குகள் பாதிதான் எரிந்தன. கறுப்பு அங்கி அணிந்த துறவிகள் இரண்டு இரண்டு பேராக வந்து பீடத்துக்கு வணங்கிவிட்டு எதிரெதிர் இருக்கைகளில் பிரிந்து நின்றார்கள். ஒரு பக்கத்தார் திருப்பாடலின் ஓர் அடியைப் பாடி நிறுத்த, மறுபக்கத்தார் அடுத்த அடியை எடுத்தார்கள். அடியின் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம் மௌனம். யாரும் குரலை உயர்த்தவில்லை. தனித்துக் கேட்கும்படி எவரும் பாடவில்லை. நல்ல குரலும் நடுங்கும் கிழக்குரலும் ஒன்றாகக் கலந்து ஒரே குரலாக வந்தது. 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்தில் பாடி முடிக்கும்படி ஆசீர்வாதப்பர் பங்கிட்டு வைத்தார். முன்பைவிட மிகக் குறைவான துறவிகளே இன்று இருக்கிறார்கள். ஆனாலும் மணி அடிக்கிறது, அவர்கள் வருகிறார்கள்.

காலைப்புகழ், திருப்பலி, நண்பகல் செபம், மாலைப்புகழ், இரவுச்செபம் என்று நாள் முழுவதும் மணி அழைத்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் கிடைக்கும் நேரந்தான் வேலைக்கு. 'செபி, உழை' என்ற சொற்றொடரை ஆசீர்வாதப்பர் சபையின் விருதுவாக்காகச் சொல்வார்கள். ஒழுங்குநூலில் அந்தச் சொற்றொடர் இல்லை, பிற்காலத்தில் வந்தது. நூலின் 48-ஆம் அதிகாரம் சொல்வது இன்னும் நுட்பமானது. கைவேலைக்கு ஒரு நேரம், வாசிப்புக்கு ஒரு நேரம், இரண்டுக்கும் எல்லை. வேலை எவ்வளவு அவசரமானாலும் மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழவேண்டும்.

இது எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. தோட்டத்தில் ரோஜாச்செடி கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்த முதிய துறவி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பாதி வெட்டிய கிளையை அப்படியே விட்டுக் கத்தரியைத் துடைத்து உறையில் போட்டார். "முடித்துவிட்டுப் போகலாமே" என்றேன். "ஐம்பது வருடமாக எதையும் முடித்துவிட்டுப் போனதில்லை" என்றார். "நாளை செடி இங்கேதான் இருக்கும். நானும் இங்கேதான் இருப்பேன்."

மற்றத் துறவிகளின் வாக்குறுதிகளோடு ஒப்பிட்டால் ஆசீர்வாதப்பர் சபையாரின் முதல் வாக்குறுதி வேறுபட்டது. அதன் பெயர் நிலைத்திருத்தல். சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை இருப்பேன் என்ற உறுதிமொழி. அன்று பாதி வெட்டிய ரோஜாக் கிளையைப் பார்த்தபோது, நான்கு பேர் எப்படி ஆலயம் கட்டினார்கள் என்பது விளங்கியது. நாளைக்கும் நான் இங்கேதான் இருப்பேன் என்று அறிந்தவனுக்கு இன்று நான்கு கல் வைத்தால் போதும்.

ஆதாம் சகோதரர்

பங்குச்சாமியார் சொன்ன துறவியின் இயற்பெயர் கார்ல் கேர்லே. 1898-இல் தெற்கு ஜெர்மனியில் மிட்டல்பிபராக் என்ற ஊரில் பிறந்தார். பதினொரு வயதில், 1910-இல், மடத்துக்கு வந்தார். கல்வேலைக்கு உடல் தாங்கவில்லை. 1915-இல் தேனீக்களைப் பார்த்துக்கொண்ட முதியவருக்கு உதவியாக அனுப்பினார்கள். ஆதாம் சகோதரர் என்று பெயர் பெற்றார்.

அந்த வருடங்களில் வைட் தீவில் தொடங்கிய ஒரு கொள்ளைநோய் பிரிட்டன் முழுவதும் தேனீக்களை அழித்துக்கொண்டிருந்தது. தேனீக்கள் பறக்கமுடியாமல் பெட்டி வாசலில் ஊர்ந்து ஊர்ந்து செத்தன. மூச்சுக்குழாயில் குடியேறும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்றை 1921-இல் கண்டுபிடித்தார்கள். அதோடு வைரஸும் சேர்ந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1916-இல் மடத்தில் 30 கூட்டங்கள் போயின. எஞ்சியவற்றை ஆதாம் கவனித்தார். பிழைத்தவை இத்தாலியத் தேனீ ராணிகளின் வழிவந்தவை; உள்ளூர்க் கறுப்புத் தேனீக்கள்தான் மாண்டிருந்தன. நோய்க்கு மருந்து தேடுவதைவிட நோய் தாங்கும் தேனீயை உருவாக்குவதே வழி என்று அந்தப் பதினெட்டு வயதுக்காரர் கண்டார். 1919-இல் தேனீப்பண்ணை முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது.

மாட்டையும் ஆட்டையும் இனம்பார்த்துச் சேர்க்கலாம். ராணித்தேனீ வானத்தில் பறந்தபடி பத்துக்கும் மேற்பட்ட ஆண்தேனீக்களோடு கூடுகிறது. ஆண்தேனீக்கள் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும். எதனோடு கூடியது என்று யார் சொல்லமுடியும்? ஆதாம் 1925-இல் டார்ட்மூரின் உள்ளே ஷெர்பர்ட்டன் என்ற பள்ளத்தில் தன் இணைசேர்ப்பு நிலையத்தை அமைத்தார். சுற்றிலும் குளிர்ந்த, காற்றடிக்கும் வெட்டவெளி. வேறு எவருடைய தேனீயும் அங்கே இல்லை. அவர் கொண்டுவைத்த ஆண்தேனீக்கள் மட்டுமே அந்த வானத்தில் பறந்தன. ஒவ்வொரு ராணியின் தாய்வழியையும் தந்தைவழியையும் ஏட்டில் எழுதிவைத்தார்.

டார்ட்மூருக்கு ஒரு பிற்பகல் போனேன். ஆகஸ்டில் ஹீதர் என்ற குத்துச்செடி பூத்து மேடு முழுக்க ஊதா நிறம். அந்தப் பூத்தேனுக்காக மடத்தார் கோடைக் கடைசியில் பெட்டிகளை மேலே ஏற்றுவது வழக்கம். ஹீதர் தேன் கூழ்போல இறுகியிருக்கும், அடையைச் சுழற்றினால் எளிதில் வராது, பிழியவேண்டும். காற்றின் இரைச்சலுக்கு நடுவே குனிந்து கேட்டால் ரீங்காரம். பதினெட்டுப் பெட்டிகளுக்கு நடுவே அப்பா நிற்கும்போது கேட்ட அதே சுருதி.

1950 தொடங்கி ஆதாம் சகோதரர் தேனீ தேடி நாடு நாடாகப் போனார். துருக்கி, கிரேக்கம், சைப்பிரஸ், எகிப்து, மொராக்கோ என்று எங்கெல்லாம் தேனீக்கள் தனித்து வாழ்ந்தனவோ அங்கெல்லாம் ராணிகளைச் சேகரித்து மடத்துக்கு அனுப்பினார். 1987-இல், 89 வயதில், கிளிமாஞ்சாரோ மலைத்தேனீயைத் தேடித் தான்சானியாவுக்குப் போனார். சாந்தமான, நோய் தாங்கும், அதிகம் பிரிந்துபோகாத 'பக்ஃபாஸ்ட் தேனீ' அவருடைய வாழ்நாள் உழைப்பு. இன்றும் ஐரோப்பாவில் பல நாடுகளில் அதை வளர்க்கிறார்கள். 1992-இல் பொறுப்பிலிருந்து விலகினார். 1996 செப்டம்பர் 1-ஆம் தேதி, 98 வயதில் இறந்தார். துறவிக்குச் சொந்தமென்று எதுவும் இருக்கக்கூடாது என்கிறது ஒழுங்குநூல். உலகமே அவர் பெயரோடு சேர்த்துச் சொன்ன தேனீகூட அவருக்குச் சொந்தமில்லை. அது மடத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் ஓர் உறவு உண்டு. ஆதாம் பையன் தேனீ வேலையைத் தொடங்கிய அதே 1910-களில், திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த சேசுசபைக் குரு நியூட்டன், நம் அடுக்குத்தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தாருக்குப் பயிற்சி கொடுத்தார். 'நியூட்டன் பெட்டி' என்று இன்றும் அதற்குப் பெயர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பை எங்கள் ஊர்களின் தொழிலாக்கினார். எங்கள் பரணில் இருந்த பெட்டிகளின் முன்னோர் இவர்கள்.

கண்ணாடியும் ஒயினும்

ஆலயத்தின் கிழக்குக் கோடியில் 1960-களில் கட்டிய நற்கருணைச் சிற்றாலயம் இருக்கிறது. அதன் சுவர் முழுவதையும் நிரப்பி, 8 மீட்டர் அகலத்தில், பந்தியில் அமர்ந்து கைவிரித்திருக்கும் கிறிஸ்து. வரைந்து செய்தவர் இதே மடத்தின் துறவி சார்லஸ் நாரிஸ். மெல்லிய கண்ணாடியில் தீட்டும் பழைய முறை இல்லை இது. செங்கல் போன்ற கனத்த வண்ணக் கண்ணாடிக் கட்டியைச் சுத்தியலால் உடைத்து, விளிம்பைச் செதுக்கி, பிசினில் பதித்துச் செய்வது. செதுக்கிய விளிம்பில் ஒளி சிதறுவதால் நிறம் கண்ணாடியில் நிற்காமல் தரைக்கும் தூணுக்கும் முகத்துக்கும் வந்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் வெள்ளைத் தலை நீலமாகவும் பிறகு சிவப்பாகவும் ஆனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பல ஊர்க் கோயில்களுக்கும் மடத்துப் பட்டறையிலிருந்து இந்த ஜன்னல்கள் போயிருக்கின்றன.

மடத்தின் வருவாய்க்கு இன்னொரு ஊற்றையும் சொல்லவேண்டும். பிரான்சிலிருந்து வந்த துறவிகள் ஒரு டானிக் ஒயின் செய்முறையையும் கொண்டுவந்தார்கள். சிறிய அளவில் மருந்துபோல விற்றது, 1927-இல் வெளி வியாபாரி ஒருவரின் கைக்குப் போனபின் பெரிதாக வளர்ந்தது. 15 சதவீத ஆல்கஹாலோடு காஃபீனும் சேர்ந்த அந்தப் பானம், ஸ்காட்லாந்தில் இளைஞர்களின் குடிக்கும் அடிதடிக்கும் பேர்போனதாகிவிட்டது. அங்கே அரசியல்வாதிகள் பலர் அதைக் கண்டித்திருக்கிறார்கள். கல்லிலும் தேனிலும் கண்ணாடியிலும் இவ்வளவு கவனம் வைத்த ஒரு வீடு, தன் கையைவிட்டுப் போன பொருள் எங்கே போய் என்ன செய்கிறது என்பதையும் அதே கவனத்தோடு பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து. கருவிகளைத் திருப்பாத்திரமாகப் பார்க்கச் சொன்னவர், அவற்றிலிருந்து பிறக்கும் பொருளை மட்டும் விலக்கியிருக்கமாட்டார்.

திரும்பி வந்தது

கடைசி நாள் காலை மடத்துக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனேன். ஒரே மாதிரியான எளிய சிலுவைகள். கொத்தனார், தேனீக்காரர், ஆதீனத்தலைவர் என்று கல்லில் பிரிவு கிடையாது. எல்லோரும் வந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

ஆசீர்வாதப்பர் சபையை அறிய நாம் டெவன்வரை போகவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரைத் தோப்புக்குள் சாந்திவனம் இருக்கிறது. 1950-இல் அதைத் தொடங்கிய இரு பிரெஞ்சுக்காரர்களில் ஒருவரான ஆன்றி லெ சோ, பிரிட்டனிப் பகுதி ஆசீர்வாதப்பர் மடத்துத் துறவி. 1968-இல் அங்கே வந்து 1993-இல் அங்கேயே இறந்த பீட் கிரிஃபித்ஸ், இங்கிலாந்தின் பிரிங்க்நாஷ் மடத்தைச் சேர்ந்தவர். காவியுடுத்து, ஆரத்தி எடுத்து, திருப்பாடல்களோடு உபநிடதமும் வாசிக்கும் மடம் அது. மணியும் மௌனமும் வேலையும் அங்கும் உண்டு. முடிந்தவர்கள் ஒரு விடியற்காலை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் ஷெர்பர்ட்டன் பள்ளத்தைப் பற்றி, நான்கு கொத்தர்களைப் பற்றி, பாதி வெட்டிய ரோஜாக் கிளையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பேசாமல் கேட்டார். மறுநாள் காலை ஏணியை எடுத்துவந்து பரணுக்குச் சாய்த்தார். பதினெட்டுப் பெட்டிகளில் கரையான் விட்டுவைத்தவை ஐந்து. இரண்டைச் செப்பனிட்டோம். தென்னம்பொந்தில் கூடுகட்டியிருந்த ஒரு கூட்டத்தையும் பக்கத்து ஊரிலிருந்து வாங்கிய ஒரு கூட்டத்தையும் குடியேற்றினோம்.

இந்த மாசியில் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. வருகிற மாசிக்கு மூன்றாவது பெட்டியைச் செப்பனிட அப்பா பலகை வாங்கி வைத்திருக்கிறார்.